வெர்டான் கட்சிக்காரர்

"அந்தச் சனியனை என் வீட்டு வாசப்படி ஏத்தமாட்டேன், சொல்லிட்டேன்!"

கடைக்குள்ள நுழைஞ்சதும் அந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வாங்கன்னுகூட நான் இன்னும் சொல்லல.

கம்ப்யூட்டர் வாங்க வந்து புருஷன் பொண்டாட்டி அடிச்சுக்கறது எனக்குப் புதுசில்ல. எங்க மொந்தெவிதேயோ ஊர்ல இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி நின்னு நின்னே என் கால் தேஞ்சுபோச்சு. ஆனா இந்த மில்டன் மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்ல. கக்கத்துல வெந்நீர் பிளாஸ்க், கையில மாத்தேங்கற கசப்பு டீ குடிக்கற குடுவை, நெஞ்சுல வெர்டான் கம்ப்யூட்டர் கம்பெனிச் சின்னம் போட்ட பனியன். அந்தக் கம்பெனி முதலாளியே அப்படி ஒரு பனியன் போட்டிருப்பாரான்னு சந்தேகம்தான்.

பின்னாடியே அவர் மனைவி சுல்மா வந்தாங்க.

"எனக்கு ஒரிலா கம்ப்யூட்டர் வேணும்ங்க. கார்னிவலுக்குப் பாட்டுக் கோஷ்டி போடற உடுப்பெல்லாம் நான்தான் வரையறேன். அவங்க அனுப்பற படம் ஒரிலாவுலதான் ஒழுங்கா திறக்குது. எங்க வீட்டு வெர்டான்ல திறந்தா தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் வருது."

"கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டா போச்சு!" மில்டன் குறுக்கே பாய்ஞ்சார்.

"திங்கக்கிழமைக்குள்ள வரைஞ்சு குடுக்கலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க மில்டன். போன வருஷமும் இப்படித்தான் கைவிட்டுப் போச்சு."

மில்டன் அதைக் காதுலயே வாங்கல. என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. பெனியரோல் ஃபுட்பால் டீம்காரன் எவனாவது, போன வாரம் தோத்துட்டோம்னு எதிரி டீம் நாசியோனல் சட்டையை மாட்டிக்கிட்டுத் திரிவானா?"

"மாட்டான்." நியாயத்தை நியாயம்னுதானே சொல்லணும். இந்த ஊர்ல ஒருத்தன் அப்படிச் செஞ்சா பெத்தவளே கதவைத் திறக்கமாட்டா.

"அப்புறம் கம்ப்யூட்டர்னா மட்டும் இளக்காரமா?"

"அது மெஷின் மில்டன். டீம் இல்ல."

"அங்கதான் நீ தப்புப் பண்ற சுல்மா! நான் முதல்ல வாங்கின வெர்டான், அடுப்பு சைஸ்ல இருந்துச்சு. அன்னிலேருந்து இன்னிவரைக்கும் இன்னொரு கம்பெனி பொத்தானை இந்த விரல் தொட்டதில்ல. நடுவுல ஒரு மாடல் வந்துச்சு. மடியில வச்சா தொடை வெந்துபோகும். விட்டேனா? ஈரத்துணியை மடிச்சுப் போட்டுக்கிட்டு வேலை பார்த்தேன். கஷ்டம் வந்ததும் விட்டுட்டு ஓடறவன் மனுஷனா?"

"சபாஷ்!" பிரிண்டருக்கு மை வாங்க வந்த பென்ஷன்காரர் ஒருத்தர் கையைத் தட்டினார். "இந்தக் காலத்துல யாருக்குங்க இப்படி மனசு வருது? பழசானா தூக்கிக் கடாசிட்டுப் போயிட்டே இருக்காங்க."

உடனே மில்டன் குடுவையில வெந்நீரை ஊத்தி, மாத்தேயை அவர் கையில குடுத்தார். அவ்வளவுதான், கட்சிக்கு ஆள் சேர்ந்துடுச்சு. கூட்டம் கூடினதும் குரலும் ஏறிடுச்சு.

"புதுசா பளபளன்னு ஒண்ணைப் பார்த்ததும் பல்லை இளிக்கறது. வீட்டுல இருக்கறது மெதுவா போகுது, சத்தம் போடுதுன்னு குறை சொல்றது. இதெல்லாம் எனக்கு ஆகாதுய்யா! குறை இருந்தாலும் நம்மளதுன்னு வச்சுக் காப்பாத்தணும். அதுக்குப் பேருதான் விசுவாசம்!"

சொல்லும்போது கண்ணே கலங்கிடுச்சு அவருக்கு. நடிப்பில்ல, நிஜமா. எனக்கே என்னமோ பண்ணுச்சு. ஒரு மெஷின் மேலயே இந்த மனுஷனுக்கு இவ்வளவு பாசம்னா, கட்டினவ மேல எவ்வளவு வச்சிருப்பார்! என் வீட்டுக்காரரும் இருக்காரே, செருப்பைக்கூட ஒரே கடையில ரெண்டாவது தடவை வாங்கமாட்டார்.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். யாரு இருந்தா?

"ஏம்மா, கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தான் போங்களேன். வெர்டான்லயே புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதை எடுத்துக்கங்க. உடுப்பு வரையற வேலை இது இல்லேன்னா இன்னொண்ணு வரும். இப்படி ஒரு விசுவாசமான புருஷன் லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அமையும்."

"அப்படிச் சொல்லுங்க!"ன்னு பென்ஷன்காரர் மாத்தேயை உறிஞ்சிக்கிட்டே தலையை ஆட்டினார்.

சுல்மா அலமாரியில இருந்த ஒரிலாவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. எங்க அழுதுடுவாங்களோன்னு எனக்குப் பயமாயிடுச்சு. பேச்சை மாத்தலாமேன்னு, "எத்தனை வருஷமா சார் வெர்டான் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"இருபது வருஷத்துக்கு மேலம்மா!" மில்டன் மாரைத் தட்டிக்கிட்டார்.

"அடேங்கப்பா! அப்ப உங்க கல்யாணத்தப்பவே இருந்திருக்கும்."

"இருந்துச்சுங்க," சுல்மாதான் பதில் சொன்னாங்க. "எல்லாக் கல்யாணத்தப்பவும் இருந்துச்சு."

"எல்லாக் கல்யாணத்தப்பவுமா?"

மில்டன் அவசரமா பிளாஸ்க் மூடியைத் திருக ஆரம்பிச்சார். பென்ஷன்காரர் மாத்தே குடுவையைக் கவுண்டர் மேல மெதுவா வச்சுட்டு நகர்ந்தார்.

சுல்மா பையைத் திறந்து தன்னோட கார்டை எடுத்து என் முன்னாடி வச்சாங்க.

"ஒரிலாவுக்கே பில் போடுங்கம்மா. இவர் கைவிடாம காப்பாத்தினது அந்த வெர்டான் ஒண்ணைத்தான். பொண்டாட்டியில நான் நாலாவது."