லீவு முடிந்து வந்த டீச்சர்

டைபாய்டு குணமாகி பாக்கியசீலி டீச்சர் பள்ளிக்குத் திரும்பிய காலையில், மூன்றாம் வகுப்பின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

லீவு போடும் ஆசிரியருக்குப் பதிலாக, அவருடைய முகமும் குரலும் கொண்ட இயந்திரம் பாடம் எடுப்பது இப்போது வழக்கம். ஆசிரியர் வந்ததும் அது ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். இன்று போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். அது கரும்பலகையில், அவருடைய கையெழுத்திலேயே, இன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தது.

“நஸ்ரின், கதவைத் திற கண்ணு.”

வகுப்புத் தலைவி நஸ்ரின் டீச்சரின் சொல்லைத் தட்டாத பிள்ளை. ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளியே வந்து நின்றுகொண்டாள்.

“மாட்டேன். டீச்சர் நேத்தே சொல்லிட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“நாளைக்கு என்னை மாதிரியே ஒண்ணு வரும், உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடும், கதவை மட்டும் திறந்துடாதீங்கன்னு.”

“நான்தான்டி உன் டீச்சர்!”

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நஸ்ரின் மிரண்டுபோய் உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே அழுவுது!”