முதலில் எதிர்க்கடைக்கு

“அக்கா, இங்கே அப்புறம் வரலாம். முதல்ல எதிர்க்கடைக்குப் போங்க. அங்கே புது இஞ்சி வந்து இறங்கியிருக்கு.”

ஷட்டரைப் பாதி தூக்கியபடியே லென்கா இப்படிச் சொன்னதும், போஷெனா குல்லாவை நகர்த்திக் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

செக் நாட்டின் பிர்னோ நகரில், அந்த டிராம் தெருவில் ஒன்பது வருடமாக ஆசிய மளிகை என்றால் லென்கா கடைதான். வியட்நாம்காரி. சொந்தப் பெயர் லுவான். அது வாயில் நுழையவில்லை என்று தெருவே அவளுக்கு லென்கா என்று பெயர் வைத்துவிட்டது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல். போன மாதம் அவளுக்கு நேர் எதிரே, ஃபோங் என்ற இன்னொரு வியட்நாம்காரன் கடை திறந்திருந்தான். அதே மீன் சாஸ், அதே அரிசி நூடுல்ஸ். ஆனால் ஆளுயரக் கண்ணாடி, பளிச்சென்று விளக்கு.

“ரெண்டு கடை தாங்குற தெருவா அக்கா இது? அவன் நின்னா நான் மூடணும். இந்த வயசுல நான் எங்கே போவேன்?” என்று லென்கா முந்தின நாள்தான் கண்ணைக் கசக்கியிருந்தாள். இன்று அவளே ஆள் அனுப்புகிறாள்!

“உனக்கென்ன பைத்தியமா?” என்றாள் போஷெனா.

“போயிட்டு வாங்க அக்கா. அவசரமே இல்ல, எல்லாத்தையும் நிதானமா பாருங்க. பிடிக்கலைன்னா வாங்காதீங்க. நீங்க வர்றதுக்குள்ள சூடா ஸ்பிரிங் ரோல் போட்டு வைக்கிறேன்.”

ஸ்பிரிங் ரோல் என்றதும் போஷெனாவின் கால்கள் தாமாகவே தண்டவாளத்தைத் தாண்டின.

போஷெனா முப்பது வருடம் டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். வேலைக்குத்தான் ஓய்வு கிடைத்தது, சந்தேகத்துக்கு இல்லை. கடைக்குள் நுழைந்தால் மாம்பழத்தை அமுக்குவாள், வெங்காயத்தாளை முகர்வாள், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டின் டின்னாகத் திருப்பித் தேதி பார்ப்பாள், விலை கேட்டு உதட்டைப் பிதுக்குவாள். வாங்குவது மட்டும் சாயங்காலம், சூப்பர் மார்க்கெட்டில், தள்ளுபடி போட்ட பிறகு.

“வாங்கம்மா, வாங்க! என்ன வேணும்?” ஃபோங் ஓடி வந்தான்.

“சும்மா பாக்கத்தான் வந்தேன்.”

அரை மணி நேரம் பார்த்தாள். வெறுங்கையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த ஃபோங், ஒரு தாளைக் கொளுத்தி வாசலில் இப்படியும் அப்படியும் வீசிவிட்டுப் பனியில் போட்டான்.

‘காலையிலயே பூஜை! பக்திமான்’ என்று போஷெனா மெச்சிக்கொண்டாள்.

லென்கா கடையில் தட்டு தயாராக இருந்தது.

“மாம்பழம் எல்லாம் கல்லு. மீன் சாஸ் உன்னைவிட ரெண்டு கொருனா கம்மி. நூடுல்ஸ்...”

“அதெல்லாம் விடுங்க அக்கா. ஏதாவது வாங்கினீங்களா?”

“நானா? ஒண்ணும் இல்ல.”

“இன்னும் ரெண்டு ரோல் வைக்கட்டுமா?”

அன்றிலிருந்து இதுவே வழக்கமானது. காலை ஏழு மணிக்கு ஃபோங் கடையில் போஷெனா. ஏழரைக்கு லென்கா கடையில் ஸ்பிரிங் ரோல்.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு இர்மா மடக்கினாள். “ஏண்டி, அந்த லென்கா உன்னை வேவு பார்க்க அனுப்புறான்னு தெருவே பேசுது. உனக்கு வெக்கமா இல்ல?”

“வேவா? விலை சொன்னாக்கூடக் காதுல வாங்க மாட்டேங்கிறா. அவ மனசு அப்படி. போட்டிக்காரனுக்கே ஆள் அனுப்புற மனசு உனக்கு வருமா?”

“எனக்கு ஸ்பிரிங் ரோலே வரல, மனசு எங்கே வரும்?” என்று இர்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மாதம் போனது. ஒரு காலையில் ஃபோங் கடை வாசலில் வேன் நின்றது. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. லென்கா ஓடி வந்து போஷெனாவைக் கட்டிக்கொண்டாள். கையில் ஒரு பெரிய பொட்டலத்தைத் திணித்தாள்.

“அக்கா, நாளையிலிருந்து ஒன்பது மணிக்கு மேல வாங்க. இந்தக் குளிர்ல ஏன் சீக்கிரம் எழுந்துக்கிட்டு?”

போஷெனாவுக்கு ஃபோங்கை நினைத்துத்தான் மனசு கேட்கவில்லை. வேன் பக்கம் போனாள்.

“ஏம்ப்பா மூடுற? நான் ஒருத்தியாவது ஒரு நாள் தவறாம முதல் ஆளா வந்தேனே!”

“அதனாலதாம்மா மூடுறேன்.”

“என்னது?”

“முதல் போணி எப்படியோ, அன்னிக்கு முழுக்க வியாபாரம் அப்படித்தான்னு எங்க ஊர்ல நம்பிக்கை. முதல்ல வர்ற ஆள் வாங்காம திரும்பினா அந்த நாளே போச்சு. நீங்க போனதும் தாள் கொளுத்துவேனே, அது சாமிக்கு இல்லம்மா. உங்க ராசியை விரட்ட. அது போனாத்தானே!”

“இதெல்லாம் லென்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? அவங்க எனக்குப் பக்கத்து ஊர்தான்.”

போஷெனா வீட்டுக்குப் போனாள். பொட்டலத்தில் இருந்த ஸ்பிரிங் ரோலை மட்டும் வீணாக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லென்கா ஷட்டரைத் தூக்கினாள். வாசலில் ஓர் உருவம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றது.

“சும்மா பாக்கத்தான் வந்தேன், லென்கா” என்றாள் போஷெனா.