கள் விருந்துக்கு ஓர் இடம்

ஒரு தென்னந்தோப்பில் எருமை மட்டை இழுத்தது. சேவல் எல்லாரையும் கூவி எழுப்பியது. மரநாய் எலி பிடித்தது. ஆண்டுக்கு ஒருநாள் மூவரும் கூடிக் கள் குடிக்கலாம். மற்ற நாளில் கலயத்தைத் தொட்டால் வேலை போய்விடும். இவ்வாண்டு இடம் தேர்ந்தெடுக்கும் பெரும்பொறுப்பை, மேற்பார்வையாளரான எருமை மரநாயிடம் ஒப்படைத்தது.

"எந்த இடமானாலும் எனக்குச் சம்மதம், தம்பி. மனம்விட்டுச் சொல்."

ஆண்டு முழுவதும் நாவில் நீர் ஊறக் காத்திருந்த மரநாய், தென்னை உச்சியில் கட்டியிருந்த கலயத்தைச் சொன்னது.

"அருமை! ஆனால், எனக்கு மரமேறத் தெரியாதே."

"ஐயா ஏறாத மரமும் ஒரு மரமா?" என்றது சேவல்.

மரத்தடியில் இறக்கிவைத்த பானையைச் சொன்னது மரநாய். நிழல் போதாதாம். களத்துமேட்டுச் சாடியைச் சொன்னது. அங்கே ஈ மொய்க்கும் என்று, தன் முதுகில் மொய்த்த ஈக்களை வாலால் ஓட்டியபடியே எருமை வருந்தியது.

ஏழாவது இடமும் தள்ளுபடியான பிறகு, எருமை மிகுந்த தயக்கத்தோடு தன் கொட்டிலிலிருந்த கழுநீர்த் தொட்டியை நினைவூட்டியது. "அதுவும் புளித்ததுதானே?"

"ஐயாவுக்கு எப்படித்தான் தோன்றுகிறதோ!" என்று சேவல் சிறகடித்தது.

விருந்தன்று, "இது மரநாய்த் தம்பி தேர்ந்தெடுத்த இடம்" என்று பெருமையோடு அறிவித்த எருமை, முக்கால் தொட்டியை ஒரே மூச்சில் உறிஞ்சியது. பிறகு கேட்டது: "அடுத்த ஆண்டு எங்கே போகலாம்? ஒளிக்காமல் சொல்லுங்கள்."

மரநாய் மீசையில் ஒட்டிய தவிட்டைத் துடைத்துக்கொண்டது. சேவல் அலகைத் திறப்பதற்குள் மரநாயே முந்திக்கொண்டு சொன்னது:

"இதைவிட நல்ல இடம் ஏது, ஐயா!"