தோற்றவர்கள் அனுப்பிய மெயில்

லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்யும் நேரம் பார்த்து, ஓடி வந்து கையைக் குறுக்கே நீட்டினார் குவாலிட்டி மேனேஜர் யதிராஜ்.

"வண்டி போகக் கூடாது."

நல்ல சகுனம்தான், போங்கள்.

ஒரகடம் ஃபேக்டரியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற முதல் லோடு அது. செல்போன் டவரில் மாட்டுகிற பெட்டிகள், ஆஸ்திரேலியாவுக்கு. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் லைனில் இருக்கும் காண்ட்ராக்ட் பெண்களை பர்மனென்ட் ஆக்குவதாக மேலிடம் வாக்குக் கொடுத்திருந்தது. அதற்காகவே ஓ.டி. பார்த்துக் கண் சிவந்தவர்கள், வண்டியை வழியனுப்ப வந்து நின்றார்கள்.

லைன் சூப்பர்வைசர் மதிவதனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்து ஊர் பிள்ளைப்பாக்கத்துக்காரி. மேனேஜராச்சே என்று வாயை அடக்குகிற ஆள் இல்லை.

"இன்னா சார் ஆச்சு?"

"ஜப்பான்லேர்ந்து மெயில் வந்திருக்கும்மா. நம்ம பெட்டியில ஓட்டை இருக்காம். யார் வேணா வெளியிலேர்ந்தே உள்ள பூந்து, நெட்வொர்க்கைப் படுக்க வெச்சிடலாமாம்."

"ஜப்பான்ல யாரு?"

யதிராஜ் தயங்கினார். "இந்த டெண்டர்ல நம்மகிட்ட தோத்த கம்பெனி."

"நல்லா கீது. தோத்தவன் வயித்தெரிச்சல்ல இன்னாவோ சொல்றான்னு வண்டிய நிறுத்துவீங்களா? இந்தப் பொண்ணுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அவங்க நாடு, நம்ம நாடு, ஆஸ்திரேலியா எல்லாம் பேசி வெச்சிருக்கும்மா. ஓட்டை யார் கண்ணுல பட்டாலும் மத்தவங்களுக்குச் சொல்லணும்னு."

"ஏட்டுச் சுரைக்காய் சார் அது. யாவாரத்துல எவன் சொல்லுவான்?"

பொய் என்று காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று, ஒரு பெட்டியை அவளே இறக்கி டெஸ்ட் டேபிளில் மாட்டினாள். மெயிலில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் அடித்தார் யதிராஜ். பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் பெட்டி திறந்துகொண்டது.

மதிவதனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போன யதிராஜ், அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்.

"இது போய்ச் சேர்ந்தப்புறம் தெரிஞ்சிருந்தா ஆர்டரே போயிருக்கும், மதி. ஆஸ்திரேலியாவுக்குப் பேசிட்டேன். சரி பண்ணி அனுப்புங்கன்னு டைம் குடுத்துட்டாங்க. பொண்ணுங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

உயிர் வந்தது அவளுக்கு. கூடவே சந்தேகமும் வந்தது.

"எல்லாம் சரி சார். நம்ம பெட்டி அவங்க கைக்கு எப்படிப் போச்சு? திருட்டுத்தனமா வாங்கிப் பிரிச்சிகினு இருந்தாங்களா? அதை மொதல்ல கேளுங்க."

மத்தியானம் வீடியோ காலில் வந்தாள், மெயில் அனுப்பிய ஹிரோமி. சரியாகத் தூங்கி எத்தனை நாளோ, முகம் வாடிக் கிடந்தது. யதிராஜ் மென்று விழுங்கி, இங்கிலீஷில் கேட்டார்.

அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் மதிவதனி காத்திருப்பதையே அவர் மறந்துவிட்டார்.

"இன்னா சார் சொல்றாங்க?"

"நம்ம பெட்டிய அவங்க கண்ணால பாத்ததே இல்லியாம். அவங்களும் நம்மளும் ஒரே இடத்துல சாஃப்ட்வேர் வாங்கறோமாம். அதுல இருக்கற ஓட்டையை அவங்க பெட்டியிலதான் பாத்தாங்களாம்."

"அப்போ அவங்களுதை சரி பண்ணிகினு நமக்குச் சொல்றாங்க. அதானே?"

யதிராஜ் அதையும் கேட்டார். ஹிரோமி இல்லையென்று தலையாட்டிவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் டெஸ்ட் டேபிளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் சரி பண்ணலியாம்மா. இப்ப நாம நம்ம பெட்டியைத் திறந்தோமே, அதே வழியில அவங்க ஊர் டவர் பூராவையும் இந்த டேபிள்லேர்ந்தே நாம திறந்துடலாமாம். அது தெரிஞ்சேதான் எழுதி அனுப்பினாங்களாம். அவங்களுது சரியாகற வரைக்கும் காத்திருந்தா, நம்ம லோடு கிளம்பிடுமேன்னு."