பக்கிரியின் ஓட்டு

ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிய பக்கிரியை, மில் சங்கச் செயலாளர் அந்துவான் மத்தியானம் உலுக்கி எழுப்பினார்.

“என் ஒரு ஓட்டுலதான் நம்ம கலியபெருமாள் பார்லிமெண்டு போவப் போறாரா? உடம்பு வலிக்குது தோழரே, உடுங்க.”

“தறி ஓட்டுறவன் ஒருத்தனாவது டெல்லிக்குப் போவணும்னு மூணு தேர்தலா அலையறேன். ஓட்டுன்னா உனக்கு எளக்காரமா போச்சா?”

சைக்கிளில் ஏற்றி, வெயிலில் மூச்சு வாங்க மிதித்து, வாக்குச்சாவடியில் இறக்கினார்.

விரலில் மையோடு பக்கிரி வெளியே வந்தான். “நீங்க போட்டாச்சா தோழரே?”

அந்துவான் வியர்வையைத் துடைத்தார்.

“எனக்கு இங்க ஏது ஓட்டு? அறுபத்திரண்டுல பிரெஞ்சுக்காரன் நம்ம ஊர முறைப்படி இந்தியாவுக்கு உட்டுக் குடுத்தப்ப எங்கப்பா, குடும்பமே பிரான்சுக் குடிமக்களா இருக்கோம்னு எழுதிக் குடுத்துட்டாரு. என் ஓட்டு பாரீசுக்குத்தான்.”

பக்கிரி தன் விரல் மையையும் அவர் விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏறுய்யா. வீட்ல உன் பொண்டாட்டி ஓட்டு பாக்கியிருக்கு.”