ஐந்து நாட் கூடுதல்

அசோர்ஸ் தீவுகளிலிருந்து பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்குத் திரும்பும் பாய்மரப் படகில் இணையம் கிடையாது. சாட்டிலைட் போனில் ஈமெயில் மட்டும் வரும். தினமும் மாலோ காற்று நிலவரத்தை எழுதிக் கேட்பான். வானிலை மையத்து மெஷின் தானாகப் பதில் அனுப்பும் ஏற்பாடு.

"காத்து இருபத்தஞ்சு நாட்," என்று காற்றின் வேகத்தைக் கடல் மைல் கணக்கில் வாசித்தான்.

"இருபதுதான் அடிக்கும் பாரு. ஒரு வாரமா இந்த மெஷின் அஞ்சு கூட்டியே சொல்லுது," என்றபடி அவன் மனைவி நோல்வென் பாயைச் சுருக்காமல் விட்டாள். இருபதுதான் அடித்தது.

"உங்கப்பாவுக்கும் ரெண்டு வரி எழுதேன்."

"கடலுக்குப் போனா நீ என் மக இல்லேன்னு சொன்னவருக்கா? மாட்டேன்."

மறுநாள் மாலோ காபி போட, அவளே மெயிலைத் திறந்தாள். காற்று முப்பது நாட். அலை நாலு மீட்டர். கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்.

"மாலோ! மெஷின் சாக்ஸ் போடச் சொல்லுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "மூணாம் நாளே மெஷின் பதில் போடுறதை நிறுத்திடுச்சு. மாமாகிட்ட கேட்டேன், அவர்தான் தினமும் நெட்ல பாத்து எழுதுறார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார். இன்னிக்கு அவரே உளறிட்டார்."

நோல்வென் போனைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு எழுதினாள்: "அப்பா, நிஜமாவே முப்பதா?"

உடனே பதில் வந்தது.

"காத்து இருபத்தஞ்சுதான்மா. மிச்சம் அஞ்சு, என் பயம்."