நாற்பத்திரண்டு டிகிரி

மருத்துவ முகாமின் தகரக் கதவு படாரென்று திறந்தது. கொளுத்தும் மத்தியானத்தில் பெரியவர் ஒருவர் நடந்தே வந்திருந்தார். நர்ஸ் அவர் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாள். நாற்பத்திரண்டு டிகிரி.

“இந்தக் காய்ச்சலோட யாராலயும் நடக்க முடியாது, அண்ணே. வெயில்ல இந்தத் தெர்மாமீட்டருக்கும் மண்டை காய்ஞ்சிடுச்சு,” என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த முகாம் ஜீப் டிரைவரிடம்.

“எனக்கு வச்சுப் பாரு, தங்கச்சி.”

டிரைவருக்கு முப்பத்தேழு. பிறகு வெறும் மேசைமேல் வைத்தாள். நாற்பத்திரண்டு. அறையில் இருந்த சூடுதான் பெரியவர் உடம்பிலும் இருந்தது.

பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து, நாடியை எண்ண ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்தாள். விரலுக்கு ஒன்றும் எட்டவில்லை.

“படுங்க ஐயா, குளுக்கோஸ் ஏத்தணும்,” என்றாள் வழக்கம்போல.

பெரியவர் கையை உருவிக்கொண்டார்.

“என்னை விடும்மா. வீட்ல என் மகளுக்கும் இதே காய்ச்சல்தான். அவ இன்னும் மூச்சு விட்டுட்டிருக்கா, சீக்கிரம் வா.”